லைப்சிக்கில் உடைந்த கண்ணாடியும் கிரவீன் தொட்டியும்

1. அரை மட்டன் ரோல்

எடித் அம்மையாரின் போன் வந்தபோது என் கையில் அரை மட்டன் ரோல் இருந்தது. மற்ற அரை வாயில் இருந்தது. வியாழக்கிழமை. பென்டில் ஹில்லில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் வான் வண்டியை நிறுத்தி, அன்றைய வேலை முடிந்தது என்ற நிம்மதியில் கால் நீட்டி இருந்தேன்.

"டோனி, என்ர அலுமாரியில ஒரு உடைஞ்ச கண்ணாடி இருந்தது."

"ஓம் மேடம்."

"இப்ப உடையாத கண்ணாடி இருக்கு."

நான் கண்ணாடி பூட்டுகிறவன். கிளேசியர்; யன்னலுக்கும் கதவுக்கும் கண்ணாடி பொருத்துகிற ஆள். கால் நூற்றாண்டுக்கு மேலாக சிட்னியில் இதுதான் என் சோறு. கண்ணாடி பிந்துகிறது, கண்ணாடி கீறியிருக்கிறது, கண்ணாடி பூட்டிய பிறகு காற்று ஊளையிடுகிறது என்றெல்லாம் முறைப்பாடு கேட்டிருக்கிறேன். கண்ணாடி முழுசாக இருக்கிறது என்று ஒருவர் முறையிட்டது அதுதான் முதல் தடவை.

"அது என்ர அப்பாவின்ர கண்ணாடி, டோனி. எங்க அது?"

எடித் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் நான் பயப்படும்போது என் காதில் எல்லாம் மன்னார்த் தமிழாகவே விழும். ஆகவே இந்தக் குறிப்பிலும் அவர் மன்னார்த் தமிழே பேசுவார். அவர் மன்னிப்பார்.

எனக்குப் பயம் வந்தால் மூன்று காரியம் செய்வேன். முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். பிறகு கேட்காத விலைக்கழிவு கொடுப்பேன். கடைசியாக, மன்னாருக்குத் திரும்பிப் போய் மீன் விற்றால் என்ன என்று யோசிப்பேன். அன்றைக்கு மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன. மூக்குக் கண்ணாடியை மட்டன் ரோல் பிடித்த கையால் துடைத்துவிட்டேன். உலகம் எண்ணெய்ப் படலத்துக்குள் போய்விட்டது.

"பத்திரமா இருக்கு மேடம்," என்றேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அப்படியொரு கண்ணாடி இருந்ததே சரியாக ஞாபகமில்லை.

"வெள்ளிக்கிழமை பொழுதுபட முன்னம் கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகு எனக்கு சபாத் ஓய்வுநாள், வேலை ஒண்டும் செய்யேலாது. திங்கள் காலமை லொறி வருது. நானும் அலுமாரியும் மெல்பேர்ன் போறம். அந்தக் கண்ணாடி இல்லாமல் நான் போகமாட்டன்."

போனை வைத்துவிட்டார். கோபமாக வைத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அமைதியாக வைத்தார்.

2. சும்மா போடுகிற பச்சைமிளகாய்

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எடித் எண்பதைத் தாண்டியவர். ரோஸ் பேயில் ஒரு பழைய அடுக்குமாடியில் தனியாக இருந்தார். பெற்றோர் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து தப்பி வந்த யூதர்கள். எடித் பிறந்தது சிட்னியில். வீட்டை விற்றுவிட்டு மெல்பேர்னில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறார். விற்பதற்கு முன் பால்கனியின் தள்ளுகதவுக் கண்ணாடியை மாற்ற வேண்டும். அதுதான் எங்களுக்குக் கிடைத்த வேலை. அது மட்டும்தான்.

எங்களுக்கு என்றால், எனக்கும் என் மனைவி ரெஜினாவின் தம்பி செபஸ்தியானுக்கும். செபா கைகாரன். கண்ணாடி ஓரத்தில் என்னைவிடச் சுத்தமாகப் பட்டிப் பசை இழுப்பான். ஒரே ஒரு வியாதி: சும்மா வேலை செய்வான். பால்கனிக் கதவு மாற்றப் போனால் குசினிக் கதவின் கீல் கிறீச்சிடுவதைக் கேட்டு எண்ணெய் விடுவான். குளியலறைக் கண்ணாடியின் தளர்ந்த ஆணியை முறுக்குவான். காசு கேட்கமாட்டான்.

"ஏன்டா?" என்றால், "கடையில மரக்கறி வாங்கினா மேலால நாலு பச்சைமிளகாய் போடுறேல்லையோ அத்தான்? அப்பிடித்தான்," என்பான்.

நல்ல கொள்கை. ஆனால் இவன் போடும் பச்சைமிளகாய் சில வேளை மரக்கறியைவிடக் கூடிவிடும்.

அளவெடுக்கப் போன முதல் நாள், வாசல் நிலையில் சாய்வாக அறைந்திருந்த சிறு குழாய் போன்ற ஒன்றைக் காட்டி, "ஏணி அதில முட்டாமல் பாருங்கோ. அது மெசூசா. உள்ள ஜெப வசனம் இருக்கு," என்றார் எடித். செபா உடனே தலை குனிந்து, "எங்கட வீட்டு வாசல்லயும் குருசு இருக்கு அன்ரி," என்றான். அந்த நிமிடத்திலிருந்து அவர் அவனுக்கு அன்ரி. நான்தான் மேடம் என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் அந்த அலுமாரி நின்றது. கறுத்த மரம். இரண்டு கண்ணாடிக் கதவு. இடது கதவின் கண்ணாடியில் கீழ் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு ஏறி, நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே போயிருந்தது. உட்பக்கம் வெடிப்பு நெடுகிலும் பழுப்புக் கடதாசி ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பால்கனியை அளக்கப் போய்விட்டேன். செபாவும் பார்த்தான். அவன் அளவுநாடாவை எடுத்தான்.

உடைந்த கண்ணாடி வீட்டில் இருக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் ஊறிப்போன ஒன்று. மேய்ஸ் ஹில் கோயில் முருகனைக் கும்பிடுகிறவர்களும் சொல்வார்கள், ஞாயிறு பூசைக்குப் போகிறவர்களும் சொல்வார்கள். செபாவின் வீட்டில் இன்னும் ஒரு படி மேல். அவனுடைய அப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, கொழும்பில் பலசரக்குக் கடை இருந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் எரித்தார்கள். உடுத்த உடுப்போடு மன்னாருக்கு வந்தவர்கள். அதற்குப் பிறகு மாமி வீட்டில் வெடித்த பொருள் எதையும் வைத்திருக்கவில்லை. கோப்பையோ, தட்டோ, முகம் பார்க்கும் கண்ணாடியோ, ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தால் அன்றைக்கே வெளியே. இல்லாத காலத்திலும் அப்படித்தான். அந்த வீட்டில் வளர்ந்தவன் கண்ணாடி பூட்டும் தொழிலுக்கு வந்தால், வெடிப்பைக் கண்டதும் கை தானாகப் போகும்.

வியாழக்கிழமை பால்கனிக் கதவுக்குக் கண்ணாடி பூட்டப் போனபோது எடித் டொக்டரிடம் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி திறந்துவிட்டாள். வேலை முடிந்ததும் நான் கீழே ஓடினேன். வான் நின்ற இடம் அப்படி, ரேஞ்சர் கண்டால் அபராதம் எழுதுவான். "நான் கூட்டிப்போட்டு வாறன் அத்தான்," என்றான் செபா. கூட்டினான். கூடவே அலுமாரிக் கதவில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் மெல்லிய மரக்கீற்றை, பீடிங்கை, கழற்றி, பழைய கண்ணாடியை எடுத்து, அளவாக வெட்டிக் கொண்டுவந்திருந்த புதுக் கண்ணாடியைப் பூட்டி, துடைத்து, மினுங்க வைத்துவிட்டு வந்தான். கையில் கடதாசி மட்டை சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. வெட்டுத்துண்டு என்று நினைத்தேன். அவனைப் பட்டறையில் இறக்கிவிட்டு மட்டன் ரோலுக்குப் போனேன்.

3. தொட்டி

செபாவுக்குப் போன் எடுத்தேன்.

"டேய், அந்த அலுமாரிக் கண்ணாடி எங்கயடா?"

"அன்ரி கண்டிட்டாவோ?" அவன் குரலில் அப்படியொரு சந்தோசம். "என்ன சொன்னவா அத்தான்?"

"அழாத குறை. எங்க அந்தப் பழசு?"

"தொட்டிக்குள்ள."

தொட்டி என்றால் கிரவீனில் எங்கள் பட்டறைக்குப் பின்னால் நிற்கும் இரும்புத் தொட்டி. கழிவுக் கண்ணாடி எல்லாம் அதற்குள். ஒரு ஆள் உள்ளே நின்றால் தலை மட்டும் தெரியும். உருக்குகிற கம்பெனியின் லொறி வெள்ளிக்கிழமை காலமை வந்து தூக்கிக்கொண்டு போகும். உருக்கினால் எடித்தின் அப்பாவுடைய கண்ணாடியும் ஊறுகாய்ப் போத்தலும் ஒன்றுதான்.

பென்டில் ஹில்லிலிருந்து கிரவீன் கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்குள் நான் வழக்கில் தோற்று, வானை விற்று, ரெஜினாவிடம் பேச்சு வாங்கி, மன்னார்ச் சந்தையில் மீன் கூறு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சிவப்பு விளக்கில் கூறுக்கு என்ன விலை சொல்வது என்றுகூட யோசித்தேன்.

போனபோது செபா தடித்த கையுறை போட்டு, தொட்டிக்குள் இறங்கி நின்றான். முகம் பேயடித்த மாதிரி.

"அத்தான், எறியேக்க 'சளீர்' எண்டு கேட்டது."

"சளீர் எண்டாத் துண்டு பெரிசு. 'பொறபொற' எண்டுதானே சின்னனா நொறுங்கும்," என்றேன். இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. பயத்தில் விஞ்ஞானியாகியிருந்தேன்.

தொட்டி நிறைய உடைந்த கண்ணாடி. அதற்குள் ஒரு குறிப்பிட்ட உடைந்த கண்ணாடியைத் தேட வேண்டும். டோனியின் முழுப்பேராக எனக்கு அந்தோனி என்று வைத்ததே வீண். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதரின் பேர் அது. எனக்கோ என் மூக்குக் கண்ணாடி என் நெற்றியில் இருக்கும்போதே அகப்படாது. இருந்தாலும் தொட்டியோரம் நின்று ஒருதரம் செபித்தேன்: "புனிதரே, பேருக்காவது ஒருக்காப் பாரும்."

4. கள்ள வேலை

புனிதர் பதில் சொல்லப் பிந்தியதால் எனக்கு வேறு யோசனை வந்தது.

பட்டறையின் மூலையில், பழைய வீடுகளை இடிக்கும்போது கழற்றிய யன்னல் கண்ணாடிகள் கொஞ்சம் வைத்திருக்கிறோம். நூறு வயதுக் கண்ணாடி. இப்போதைய கண்ணாடி போல மட்டமாக இராது. லேசாக நெளியும், சின்னச் சின்னக் குமிழ் இருக்கும். எடித்தின் கண்ணாடியும் அந்த வகைதான். ஒன்றை அளவாக வெட்டி, அதே மாதிரி வெடிக்கவைத்து, பழுப்புக் கடதாசியும் ஒட்டிவிட்டால்?

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் அது எனக்குக் கருணை மிக்க திட்டமாகவே தெரிந்தது.

ஒரு கண்ணாடியை மேசையில் வைத்தேன். மூலையில் சிறு சுத்தியலால் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் தட்டினேன். ஒன்றுமில்லை. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொன்னது இது: "கண்ணாடிக்குப் பயப்படுறவன்தான் எனக்கு வேணும்." அன்றிலிருந்து உடையாமல் தூக்குவது, உடையாமல் வைப்பது, உடையாமல் மூச்சு விடுவது என்றே வாழ்ந்தவன். உடைக்கப் பழகவில்லை. மூன்றாம் தரம் பலமாகத் தட்டினேன். வெடிப்பு எடித் வீட்டு வெடிப்பு மாதிரிப் போகாமல் நேரே குறுக்காகப் போய்க் கண்ணாடி இரண்டானது. இரண்டாவது கண்ணாடி மாவானது. மூன்றாவதை எடுத்தபோது தொட்டிக்குள்ளிருந்து தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"அத்தான், என்ன செய்யிறீங்கள்?"

"ஒண்டுமில்லை. நீ தேடு."

"அப்பாவின்ர எண்டால் அவ சின்னனிலயிருந்து பாக்கிற வெடிப்பா இருக்கும். அவவுக்குத் தெரியாமல் போகுமோ?"

சுத்தியலைக் கீழே வைத்தேன். வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். இதற்குள் பட்டறைக் கணக்கைப் பார்க்கும் ரெஜினா தேத்தண்ணியோடு வந்து, மேசையிலிருந்த உடைசலையும் என் முகத்தையும் பார்த்தாள்.

"தேட வேண்டியதை விட்டிட்டு இன்னும் உடைக்கிறீங்களோ? நல்லா இருக்கு. தொட்டி நிரம்பட்டும்."

அவள்தான் கடைசியில் வழியும் காட்டினாள். செபா எடுத்துக் கொடுத்த துண்டு ஒன்றைக் கையில் பிடித்து, கூரையைப் பார்த்து, "இதில டியூப் லைட் நேராத் தெரியுது. பழசில நெளியும் எண்டு நீங்கள்தானே எல்லாருக்கும் கதையளக்கிறனீங்கள்?" என்றாள்.

நான் எல்லோருக்கும் அளக்கிறதுதான். அன்றைக்கு எனக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.

அதன் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. செபா துண்டு துண்டாக எடுத்துத் தருவான். நான் சரித்துப் பிடிப்பேன். டியூப் லைட் நேரான கோடாகத் தெரிந்தால் ஒதுக்கம். பாம்பு மாதிரி நெளிந்தால் ரெஜினா விரித்த கம்பளத்தில் வைப்போம். பழுப்புக் கடதாசி ஒட்டிய துண்டு முதலில் அகப்பட்டபோது மூன்று பேரும் கத்திய கத்தில் பக்கத்துப் பட்டறைக்காரன் அம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டான்.

இருட்டுவதற்குள் எல்லாம் சேர்ந்துவிட்டது. கம்பளத்தில் அடுக்கிப் பார்த்தோம். முழுக் கண்ணாடி. ஆனால் எடித் வீட்டில் மூன்று துண்டாக இருந்தது, இப்போது ஏழு.

செபா விளக்கை நெருக்கிப் பிடித்து ஓரங்களைப் பார்த்தான். பிறகு, "அத்தான், இங்க பாருங்கோ," என்றான்.

பழைய வெடிப்பின் ஓரம் கறுத்திருந்தது. அத்தனை வருடத் தூசியும் புகையும் அதற்குள் இறங்கியிருந்தன. புது வெடிப்பின் ஓரம் பச்சைத் தண்ணீர் போல மினுங்கியது. எது லைப்சிக்கில் உடைந்தது, எது கிரவீனில் உடைந்தது என்று ஒரு பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும். நான் மட்டும் அந்தக் கள்ளக் கண்ணாடியைக் கொண்டு போயிருந்தால்! ஓரத்தைப் பார்த்ததும் எடித் என்னை மன்னாருக்கே அனுப்பியிருப்பார். கூறு போடவும் விட்டிருக்கமாட்டார்.

5. குடைக்கடை

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரோஸ் பேய்க்குப் போனோம். கதவு திறந்ததும் செபா முந்திக்கொண்டான்.

"அன்ரி, நான்தான் எடுத்தனான். அத்தானுக்குத் தெரியாது. மூண்டாக இருந்தது ஏழாப் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் வழியெல்லாம் ஒரு நீண்ட பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். இன்சூரன்ஸ், தொழில் நெறி எல்லாம் அதில் வந்தன. அது வீணாகிவிட்டது.

எடித் துண்டுகளைப் பார்த்தார். விரலால் கறுத்த ஓரத்தைத் தடவினார். பிறகு மினுங்கும் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இது அப்பாவின்ர. இது உங்கட."

"ஓம் அன்ரி."

"சரி. உள்ள வாங்கோ. கேக் இருக்கு."

அலுமாரிக் கதவைக் கீலிலிருந்து கழற்றி, சாப்பாட்டு மேசையில் கம்பளம் விரித்துக் கிடத்தினோம். துண்டுகளை என்ன செய்வது என்று இரவே யோசித்து வைத்திருந்தோம். செபா போட்ட புதுக் கண்ணாடி முன்பக்கம் இருக்கட்டும். அதன்மேல் பழைய துண்டுகளைச் சரியாகப் பொருத்தி அடுக்குவது. பின்பக்கம் படச்சட்டத்துக்குப் போடும் மெல்லிய கண்ணாடி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் பழசு அசையாமல் நிற்கும். மெல்பேர்ன் என்ன, லைப்சிக்குக்கே திரும்பிப் போனாலும் விழாது. சட்டத்தின் பள்ளம் ஆழமானது. அந்தக் காலத்து ஆசாரி தாராளமாக விட்டிருந்தான்.

வேலை நடக்கும்போது எடித் கதிரை போட்டுப் பக்கத்தில் இருந்தார். செபாதான் கேட்டான்.

"ஏன் அன்ரி, உடைஞ்சதை மாத்தாமலே வைச்சிருந்தனீங்கள்?"

"அப்பாவுக்கு லைப்சிக்கில குடைக்கடை. கீழ கடை, மேல வீடு. தாத்தா தொடங்கினது. ஊரெல்லாம் மழையைத் திட்டேக்க எங்கட வீட்டில மட்டும் சிரிப்பினமாம். இந்த அலுமாரி மேல சாப்பாட்டறையில நிண்டது. வெள்ளி பின்னேரம் அம்மா மெழுகுதிரி ஏத்தினா ரெண்டு கதவிலயும் வெளிச்சம் தெரியுமாம்."

"பிறகு?"

"ஹிட்லர் வந்த வருசம் கடை வாசல்ல சீருடைக்காரர் நிண்டு, யூதரிட்ட வாங்காதே எண்டு பலகை பிடிச்சினம். பழைய வாடிக்கை ஆக்கள் சில பேர் பின்முற்றத்தால வந்து வாங்கினவையாம். சில பேர் றோட்டின்ர மற்றப் பக்கம் மாறிப் போனவை. குடை வாங்காமல் நனைஞ்சு போனவையும் இருந்தவை எண்டு அப்பா சொல்லுவார். அதைச் சொல்லேக்க மட்டும் கொஞ்சம் சிரிப்பார்."

முப்பத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் நாசிகள் கடைக் கண்ணாடியை அடித்து நொறுக்கி, குடைகளைத் தெருவில் எறிந்தார்கள். மாடிக்கும் ஏறினார்கள். எடித்தின் அப்பா கடையில் விற்கும் கைத்தடி ஒன்றாலேயே அலுமாரியை அடித்தான் ஒருவன். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய் முகாமில் வைத்தார்கள். நாட்டை விட்டுப் போகிறேன் என்று கையெழுத்து வைத்த பிறகே விட்டார்கள்.

"வந்து பார்த்தா, கடைக் கண்ணாடியை யூதர் தங்கட காசிலயே போட வேணும் எண்டு சட்டம்."

நான் பீடிங்கைக் கீழே வைத்தேன். "இன்சூரன்ஸ்?"

"இன்சூரன்ஸ் காசை அரசாங்கம் எடுத்தது."

நான் எத்தனையோ இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்டியவன். குறைத்துத் தருவார்கள், பிந்தித் தருவார்கள், படம் கேட்பார்கள். உடைத்தவனே இன்சூரன்ஸ் காசையும் எடுத்துக்கொண்டு, உடைக்கப்பட்டவனிடமே கண்ணாடியும் போடச் சொன்ன கதையை நான் கேட்டதில்லை.

"அப்பா காசு குடுத்துப் புதுக் கண்ணாடி போட்டார். நல்ல பெரிய கண்ணாடி. போட்ட கையோட கடை வேற ஒருத்தன்ர பேருக்குப் போச்சு."

"வித்தவரோ?" என்றான் செபா.

"கடதாசியில வித்தது எண்டுதான் இருந்தது." எடித் தோளைக் குலுக்கினார். "சாமான் கட்டேக்க சுங்க அதிகாரி வந்து பக்கத்தில நிண்டானாம். உடைஞ்ச கண்ணாடியை ஏன் கொண்டு போறாய், மாத்து எண்டானாம். அப்பா சொன்னாராம்: கடைக் கண்ணாடிக்குக் காசு குடுத்தன், அது இப்ப வேற ஆளின்ர. இனி என்ர சீவியத்தில கண்ணாடிக்குக் காசு குடுக்கமாட்டன். அவன் சிரிச்சுப்போட்டு விட்டிட்டான். உடைஞ்சதுக்கு ஒருத்தரும் உரிமை கேக்கேல்லை."

"சொன்ன மாதிரியே இருந்தவரோ?"

"இருந்தார். இங்க சிட்டியில குடை திருத்துற கடை போட்டார், மூண்டாம் மாடியில. றோட்டுப் பக்கம் கண்ணாடி இல்லாத இடமாப் பார்த்து எடுத்தவர். ஆக்கள் படியேறி வந்து குடை குடுத்தவை. நல்லாத்தான் இருந்தார், டோனி. பாட்டுப் பாடுவார், சீட்டு விளையாடுவார், ஏமாத்துவார். அப்பாவின்ர அக்கா மட்டும் அங்கேயே நிண்டிட்டா. அவவும் வரேல்லை, அவவின்ர வீட்டிலயிருந்து ஒரு கரண்டியும் வரேல்லை."

செபா ஏழாவது துண்டைக் கையில் வைத்திருந்தான்.

"எங்கட அப்பாவுக்கும் கடை இருந்தது அன்ரி. கொழும்பில. எரிச்சுப்போட்டினம். அதுக்குப் பிறகு ஒரு கோப்பை வெடிச்சாலும் அம்மா வைச்சிருக்கமாட்டா. அண்டைக்கே எறிஞ்சு போடுவா. அதுதான்..." என்று நிறுத்தினான்.

எடித் அவனையே பார்த்தார். "அதுதான் என்ர கண்ணாடியைக் கண்டதும் உனக்குக் கை பொறுக்கேல்லை."

"ஓம்."

"உங்கட அம்மாவும் என்ர அப்பாவும் ஒரு வீட்டில இருந்திருந்தா நாளெல்லாம் சண்டைதான்."

"சண்டை பிடிச்சாலும் அம்மா சாப்பாடு குடுத்திருப்பா," என்றான் செபா.

அவன் கையாலேயே ஏழாவது துண்டை வைத்து, மெல்லிய கண்ணாடியை மூடி, பீடிங்கை இறுக்கினான். வெடிப்பைக் கண்டால் தூக்கி எறிகிற குடும்பத்துப் பிள்ளை, அந்த வெடிப்பு ஒரு மயிரிழை விலகாமல் இருக்கிறதா என்று மூக்கு முட்டப் பார்த்தான்.

கதவை மாட்டினோம். பின்னேர வெயில் அதில் பட்டது. லைப்சிக் வெடிப்பு கறுப்பாகவும், கிரவீன் வெடிப்பு வெள்ளியாகவும் தெரிந்தன.

"எவ்வளவு, டோனி?"

"பால்கனிக் கதவுக்கு ஏற்கனவே குடுத்திட்டீங்கள் மேடம்."

"இதுக்கு?"

"இதுக்குச் சும்மா." செபாவைக் காட்டினேன். "இது இவன்ர பச்சைமிளகாய்." பிறகு அவருக்கு அந்தப் பச்சைமிளகாய்க் கதையை விளக்க வேண்டியதாயிற்று.

எடித் யோசித்தார். பிறகு சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"காசு குடுக்கமாட்டன் எண்டுதான் அப்பா சொன்னவர். சும்மா தந்தா வாங்கமாட்டன் எண்டு சொல்லேல்லை."

நாங்கள் கிளம்பும்போது மேசையில் மெழுகுதிரிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "போட்டு வாறம் அன்ரி," என்றான் செபா. "போட்டு வாறம் அன்ரி," என்றேன் நானும். மேடம் என்ற சொல் எப்படியோ வாசலிலேயே விழுந்துவிட்டது.

6. கேட்டுவிட்டுத் தொடு

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உடைந்திருப்பதெல்லாம் நமக்கு வேலை அல்ல. உடைந்த ஒன்றைக் கண்டால் அளவுநாடாவை எடுக்குமுன் வாயைத் திற: "இதை மாத்தவோ, விடவோ?" பெரும்பாலானவர்கள் மாற்று என்பார்கள். சிலர் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். அந்த ஒரு நிமிடம் வந்தால் நாடாவைப் பையில் போட்டுவிடு. செபா இப்போது கீலுக்கு எண்ணெய் விடுவதற்கும் கேட்கிறான். அது கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் நான் தடுக்கவில்லை.

அந்தத் திங்கள் எடித்தும் அலுமாரியும் போனார்கள். இரண்டு நாள் கழித்து பிளாக்டவுனில் ஒரு கடை முகப்புக்கு நானும் செபாவும் பெரிய கண்ணாடி தூக்கிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. திரையில் எடித்தின் பேர். கண்ணாடியை மெதுவாகச் சுவரில் சாய்த்தோம். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மீன் வாசம்கூட வந்தது.

"ஹலோ அன்ரி?"

"டோனி, லொறி வந்திட்டுது. பிரிச்சுப் பாத்தனான்."

"ஐயோ. கண்ணாடி?"

"பயப்படாதை. எல்லாம் உடைஞ்சது உடைஞ்சபடி நல்லா இருக்கு."